ஆடுவது ஸ்கோப்பா, அதைத் தாங்கும் காலா?

கேள்வி: ஐயா, கிளப் அளவில் 50 மீட்டர் ரைபிள் சுடுகிறேன். மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் போட்டிகளிலும் கலந்துகொள்கிறேன். அண்மையில் 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும், 80 மி.மீ. முகப்பு வில்லை உள்ள ஸ்பாட்டிங் ஸ்கோப் (அட்டையில் விழுந்த துளையைப் பார்க்கும் தொலைநோக்கி) ஒன்று வாங்கினேன். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் சாய்வாக இருக்கும் வகை. வீட்டில் கிடந்த கேமரா ட்ரைபாடில் (முக்காலி), எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டைத் தலையான பால் ஹெட்டில் மாட்டியிருக்கிறேன். 40 மடங்கைத் தாண்டினால் படம் நடுங்குகிறது. துளை எது, வளையக் கோடு எது என்று தெரியவில்லை. படுத்துச் சுடும்போது ஒவ்வொரு முறையும் எழுந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. கனமான ட்ரைபாட் வாங்கச் சொல்கிறார் ஒருவர். கார்பன் ஃபைபர்தான் சரி என்கிறார் இன்னொருவர். ரைபிளையும் ஸ்கோப்பையும் ஒரே ட்ரைபாடில் மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நான் எதை வாங்க வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கேட்டதே எதை வாங்குவது என்றுதான், இவர் இப்படிச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு குறைகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. படம் நடுங்குகிறது என்பது ஒன்று. பார்க்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்பது மற்றொன்று. முன்னது உறுதி பற்றியது. பின்னது உயரமும் இடமும் பற்றியது. கனமான ட்ரைபாட் வந்தால் நடுக்கம் அடங்கலாம். நீங்கள் எழுந்து எழுந்து பார்ப்பது அப்படியேதான் இருக்கும். பயிற்சியாளனாக நான் பார்த்தவரை, புள்ளிகளை அதிகம் தின்பது இந்த இரண்டாவது குறை. ஆனாலும் முதலாவதில் தொடங்குகிறேன், அதற்குச் செலவில்லாமலே பாதித் தீர்வு கிடைக்கும்.

நடுக்கம் என்றால் எவ்வளவு நடுக்கம்? நாம் எம்.ஓ.ஏ. என்று சொல்லும் அளவை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. ஸ்கோப் அந்த அளவு ஆடினால் 50 மீட்டர் தூரத்தில் பார்வை 14.5 மி.மீ. நகர்கிறது. உங்கள் இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். 60 மடங்கில் அந்த ஆட்டம் கண்ணுக்கு ஒரு முழு டிகிரியாகத் தெரியும். வானத்தில் முழுநிலவின் அகலம் அரை டிகிரி. ஆக, இரண்டு நிலவு அகலத்துக்குப் படம் குதிக்கிறது. இதற்கு ட்ரைபாட் எவ்வளவு அசைய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஸ்கோப்பை மாட்டும் 5 செ.மீ. நீளமுள்ள தட்டின் ஒரு முனை 0.015 மி.மீ. எழும்பினால் போதும். சாதாரண எழுதுதாளின் கனத்தில் ஏழில் ஒரு பங்கு! கேமராவுக்கு ஒழுங்காக உழைத்த ட்ரைபாட் ஸ்கோப்புக்கு ஆடுவது ஏன் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

அப்புறம், உங்களுக்கு 60 மடங்கு எதற்கு? .22 குண்டின் விட்டம் 5.6 மி.மீ. 50 மீட்டரில் அந்தத் துளையை 25 மடங்கில் பார்த்தால், நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். 100 மீட்டரில்கூட ஐந்து மடங்கு. கருப்புப் பகுதிக்குள் விழுந்த துளை தெரியவில்லை என்றால், அது சிறியதாக இருப்பதால் அல்ல. கருப்புக்குள் கருப்பாக இருப்பதால். அப்போது பெருக்கத்தைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். முகப்பு வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 80 மி.மீ. வில்லைக்கு 25 மடங்கில் அது 3.2 மி.மீ.; 60 மடங்கில் 1.3 மி.மீ.தான். படம் மங்கும். கண் ஒரு நூல் விலகினாலும் படத்தின் ஓரம் இருண்டு மறையும். இந்த மறைதலைத்தான் பலர் நடுக்கம் என்று எழுதுகிறார்கள். கானலின், அதாவது சூடான காற்றின் நெளிவின், போக்கைப் பார்ப்பதற்கும் 20 முதல் 30 மடங்கே வசதி. ஜூம் வளையத்தை 25-இல் வைத்து, அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

கானல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் ட்ரைபாடில் இருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ட்ரைபாட் ஆடினால் அட்டை முழுவதும் ஒரே துண்டாக நகரும்; வளையங்கள் ஒன்றுக்கொன்று விலகாமல் சேர்ந்தே குதிக்கும். கானல் என்றால், ஓடும் தண்ணீருக்கடியில் கிடக்கும் காசைப்போல, ஒவ்வொரு பகுதியும் தன் போக்கில் நெளியும். வளையத்தின் இடப்பக்கம் உப்பும்போது வலப்பக்கம் சும்மா இருக்கும். இந்த இரண்டாவதுதான் உங்கள் குறை என்றால் உலகிலேயே உறுதியான ட்ரைபாடும் உதவாது. வெயில் ஏறுவதற்குள் சுடலாம், பெருக்கத்தைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

சரி, நடுக்கம் ட்ரைபாடில்தான் என்று வைத்துக்கொள்வோம். எந்த இடத்தில்? ஸ்கோப்பைக் கழற்றி, ஆடாத மேசைமேல் மணல்மூட்டை போட்டு அதில் அழுத்தி வையுங்கள். 60 மடங்கில் தொலைவில் உள்ள எழுத்துப் பலகை ஏதாவது ஒன்றைப் பாருங்கள். கையை எடுத்த பிறகு படம் அசையாமல் நின்றால் ஸ்கோப் மேல் குற்றமில்லை. அடுத்து, கால்களை நீட்டாமல் ட்ரைபாடில் மாட்டி, விரல் நுனியால் ஐபீஸ் பக்கம் லேசாகத் தட்டுங்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் படம் அடங்கினால் நல்லது. இனி ஒவ்வொரு கால்துண்டாக நீட்டி, ஒவ்வொரு முறையும் தட்டி எண்ணுங்கள். நடுத்தண்டைக் கடைசியில் உயர்த்துங்கள். எண்ணிக்கை எந்த இடத்தில் சட்டென்று ஏறுகிறதோ, குறை அங்கேதான்.

பெரும்பாலும் அது நடுத்தண்டாக இருக்கும். மேலே நீட்டிய தண்டு என்பது ஒற்றைக் கம்பம். அதன் நீளம் இரட்டித்தால், அதே தள்ளலுக்கு எட்டு மடங்கு வளையும். மூன்று காலில் நிற்கும் பொருளை ஒற்றைக் காலில் நிறுத்திவிட்டு ஆடுகிறதே என்று வருந்தினால் எப்படி? தண்டைக் கீழே இறக்கிப் பூட்டுங்கள். உயரம் போதவில்லை என்றால் கால்களை நீட்டுங்கள். கால்களிலும் மேலே உள்ள தடித்த துண்டுகளை முதலில் நீட்ட வேண்டும். அடியில் உள்ள மெல்லிய துண்டு கடைசித் தேவைக்கு.

இன்னொரு சந்தேகத்துக்குரிய இடம், கால்கள் மேலே சேரும் தோள்பட்டை. என்னிடம் பயின்ற ஒருவர் நீங்கள் எழுதியிருப்பதையே சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் ஒரு ட்ரைபாட், அது ஆடுகிறதென்று அதைவிடப் பெரிதாக இன்னொன்று, அதுவும் ஆடியது. இரண்டையும் அவரிடமிருந்து கையில் வாங்கிப் பார்த்தேன். புதியதில், ஸ்கோப்பின் அடியில் இருந்த கார்க் பட்டை தடிமனாகவும் மெத்தென்றும் இருந்தது. விரலால் அழுத்தினால் ஸ்கோப் தலையாட்டியது. பழையதிலோ காலைத் தோளோடு சேர்க்கும் போல்ட் மூன்றில் ஒன்று தளர்ந்திருந்தது. ஆலன் கீயால் (அறுகோணத் திருகுசாவி) கால் சுற்று முறுக்கினேன். அவ்வளவுதான், பழையது நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. காலை விரித்துவிட்டுக் கையை எடுத்தால், அது தானாகத் தொப்பென்று விழாமல் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். அந்த இறுக்கம் போதும். அதற்கு மேல் முறுக்கினால் கால் விரியாது.

ஸ்கோப்பின் பாதத்தையும் பாருங்கள். கால் அங்குலத் திருகு, எட்டில் மூன்று அங்குலத் திருகு என்று இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. பெரிய துளைக்குள் சிறிய திருகுக்கான புஷ் ஒன்றை இறக்கியிருப்பார்கள். அது தளர்ந்தால் எல்லாம் தளர்ந்தது. ஒற்றைத் திருகில் நிற்கும் ஸ்கோப் பக்கவாட்டில் மெல்லத் திரும்பும் பழக்கமும் கொண்டது. தட்டின் ஓரத்தில் சிறு உதடு அல்லது திரும்பாமல் தடுக்கும் முளை இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. பாதமே ஆர்கா வடிவில் செதுக்கப்பட்டிருந்தால் தட்டு என்ற ஒன்றே தேவையில்லை. நேராகக் கவ்வியில் சொருகலாம். ஆர்கா என்பது ஏறத்தாழ 38 மி.மீ. அகலத்தில், ஓரம் சரிந்த ஒரு வடிவம். நிறுவனத்துக்கு நிறுவனம் அகலம் இம்மி மாறும். நெம்புகோல் போட்டுப் பூட்டும் கவ்விகள் இந்த வித்தியாசத்தைச் சகிக்காது. ஒன்றில் இறுகும், ஒன்றில் கடகடக்கும். திருகிப் பூட்டும் கவ்வி எதையும் பிடித்துக்கொள்ளும். கலந்துகட்டிய உபகரணங்கள் வைத்திருப்பவர்களுக்குத் திருகுவகையைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் சரிபார்த்த பிறகும் ஆடினால் அப்போது வாங்கலாம். வாங்கும்போது, பெட்டியில் போட்டிருக்கும் எடைத்தாங்கு எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் அளக்கிறது. அந்த எடைக்கு ட்ரைபாட் சரிந்து விழாது என்பதற்குத்தான் அது சாட்சி. 60 மடங்கில் ஆடாது என்பதற்கு அல்ல. உங்கள் வகை ஸ்கோப் ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். எடை ஒரு பிரச்சினையே இல்லை. பார்க்க வேண்டியது குழாயின் தடிமன். சுவர் கனம் ஒன்றே என்றால், 22 மி.மீ. குழாயைவிட 28 மி.மீ. குழாய் ஏறத்தாழ இரண்டு மடங்கு விறைப்பானது. மூன்று துண்டுக் காலில் மேலே 28 இருந்தால், கடைசித் துண்டு பொதுவாக 22 அளவில் முடியும். நான்கு துண்டு என்றால் அதற்கும் கீழே போகும். மடித்தால் சின்னதாகப் பையில் அடங்குகிறதே என்று நான்கு ஐந்து துண்டு ட்ரைபாடில் மயங்குவது மலையேறுபவர்களுக்குச் சரி. சுடுதளத்துக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்கும் உங்களுக்கு மூன்று துண்டே மேல்.

கார்பனா அலுமினியமா என்ற சண்டைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எல்லோரும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். ட்ரைபாடில் அந்த மூன்று கால் மட்டும்தான் சந்தேகமில்லாத உண்மை. கார்பன் ஃபைபர் இலகுவானது, தட்டினால் அதிர்வைச் சீக்கிரம் விழுங்கும். அலுமினியம் கொஞ்சம் அதிகமாக ரீங்கரிக்கும், ஆனால் கனத்தால் காற்றுக்கு அசையாது; கீழே விழுந்தால் நெளியும், கார்பன்போல விரிசல் விடாது. தூக்கிக்கொண்டு நடக்காத ஒருவருக்குத் தடித்த அலுமினியக் கால் எந்த விதத்திலும் குறைவில்லை. மிச்சமாகும் தொகையை ஹெட்டில் போடுங்கள்.

ஹெட்டைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஸ்கோப்புக்குப் பால் ஹெட் வேண்டாம். ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் விடுபடும். நீளமான ஸ்கோப் முன்பக்கமாகத் தலைகுப்புறக் கவிழும், பிடிப்பதற்குள் விரல் நசுங்கும். அதோடு இறுக்கிய பிறகும் ஒரு மயிரிழை கீழே இறங்கும். கேமராவில் தெரியாத அந்த இறக்கம் ஸ்கோப்பில் அட்டையையே படத்திலிருந்து வெளியே தள்ளிவிடும். இப்போதைக்குப் பால் ஹெட்தான் இருக்கிறது என்றால், அட்டைக்குச் சற்று மேலே குறிவைத்து இறுக்குங்கள்; இறங்கி வந்து சரியாக உட்காரும். புதிதாக வாங்கினால் பக்கவாட்டுக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று என்று தனித்தனிப் பூட்டு உள்ள ஹெட்டாகப் பாருங்கள். வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும், மெல்ல வழுக்கித் திரும்பும் சிறிய ஃப்ளூயிட் ஹெட் அருமையாக இருக்கும். ஆனால் அதன் நீண்ட கைப்பிடி, படுத்திருப்பவரின் தோளையோ கன்னத்தையோ குத்தும். ஒருமுறை அட்டையைப் பிடித்துவிட்டால் அப்புறம் அந்தக் கைப்பிடிக்கு வேலை இல்லை. கழற்றிப் பையில் போடுங்கள்.

ஸ்கோப்பை ஹெட்டில் மாட்டும்போது, பூட்டைத் தளர்த்தினாலும் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிற இடத்தைத் தேடி மாட்டுங்கள். எடை சமமாக இருந்தால் பூட்டு வெறும் காவல்காரன்தான். சமமில்லாவிட்டால் எல்லாப் பாரமும் அதன்மேல்.

இனி இரண்டாவது குறை. இதில்தான் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டும்.

படுத்த நிலையில் இடது முழங்கை ஊன்றி, ரைபிளைக் கையோடு பிணைக்கும் கைவார் இறுகி, கன்னம் ரைபிளின் கட்டையில் படிந்து, உடல் இலக்கை நோக்கித் தானாக அமைந்துவிட்டது. இதைக் கட்டியெழுப்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு குண்டு சுட்டுவிட்டு, துளையைப் பார்க்க அரை அடி எழுந்தால், முழங்கை படுக்கும் விரிப்பில் (மேட்) ஒரு நூல் நகரும், கைவார் கொஞ்சம் வழுக்கும், தோளில் கட்டையின் இடம் மாறும். திரும்பப் படுத்துக் குறிபார்க்கும்போது எல்லாம் பழையபடி இருப்பதுபோலத்தான் தோன்றும். அட்டையில் மட்டும் துளைகள் இரண்டு கூட்டமாகப் பிரியும். கூட்டம் பிரிந்தால் குண்டைச் சந்தேகிக்கிறோம், காற்றைச் சந்தேகிக்கிறோம், பக்கத்தில் நிற்கும் ஸ்கோப்பை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஸ்கோப் உங்கள் கண்ணிடம் வர வேண்டும். வலக்கைக்காரராக இருந்தால் ஸ்கோப் இடப்பக்கம், ஊன்றிய கைக்கு முன்னால் நிற்கட்டும். நீங்கள் வாங்கிய சாய்வு ஐபீஸ் இதற்குத்தான் கைகொடுக்கும். ஸ்கோப்பின் உடலைச் சுற்றி ஒரு வளையமும் அதில் ஒரு திருகும் இருக்கும், பாருங்கள். அதைத் தளர்த்தி ஸ்கோப்பைத் தன் அச்சிலேயே சுழற்றினால், மேலே பார்த்த ஐபீஸ் பக்கவாட்டில் உங்களை நோக்கித் திரும்பும். பெரும்பாலானோர் இந்தத் திருகை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். ரைபிளைத் தோளில் வைத்து, கண்ணை மூடி, இரண்டு முறை மூச்சுவிட்டு, உடல் அடங்கிய பிறகு நண்பர் ஒருவரை ஸ்கோப்பை நகர்த்தச் சொல்லுங்கள். உங்கள் இடக்கண்ணுக்கு எதிரே ஐபீஸ் வரட்டும். கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல், அல்லது ஒரு விரற்கடை மட்டும் திருப்பி, அட்டை தெரிந்தால் அதுதான் இடம். புருவம் ஐபீஸைத் தொடக் கூடாது. தொட்டால் உங்கள் நாடித்துடிப்பு படத்தில் தெரியும். இடக்கண்ணுக்கு மறைப்புப் பட்டை கட்டுகிறவர் என்றால், அந்தப் பட்டையின் இடத்தையும் இதோடு சேர்த்தே ஒழுங்குபடுத்த வேண்டும்.

இப்போது உயரக் கணக்கு. படுத்தவரின் கண் தரையிலிருந்து ஓர் அடிக்குச் சற்றுமேல் இருக்கும். நடுத்தண்டு உள்ள சாதாரண கேமரா ட்ரைபாட், காலை எவ்வளவு விரித்தாலும் தண்டு தரையில் இடிக்கும் என்பதால் ஓர் அளவுக்குக் கீழே இறங்காது. அதன்மேல் ஹெட் ஒரு பத்து செ.மீ., அதன்மேல் ஸ்கோப். உங்கள் ஸ்கோப் தலைக்கு மேலே நிற்பதும் நீங்கள் எழுந்து பார்ப்பதும் இதனால்தான். தண்டைத் தலைகீழாக மாட்டும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். ஸ்கோப் கால்களுக்கு நடுவே தொங்கும், திருப்பக்கூட முடியாது. வேண்டாம்.

மூன்று நிலையும் சுடுகிறவருக்கு என் பதில், ஒற்றைக் கம்பி ஸ்டாண்ட். அடியில் தாழ்வாக விரியும் மூன்று கால், நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி, அதன்மேல் ஏறி இறங்கும் ஒரு கவ்வி. ஸ்கோப் கம்பியின் உச்சியில் உட்காராமல் பக்கவாட்டில் தொங்குவதால், கவ்வியைத் தரைக்குப் பக்கத்தில்கூட இறக்கலாம். இன்றைய விதிப்படி மூன்று நிலைப் போட்டியில் முதலில் மண்டியிட்டு, அப்புறம் படுத்து, கடைசியில் நின்று சுடுகிறோம். நிலை மாற்றும் நேரமும் போட்டி நேரத்திலேயே ஓடுகிறது. கவ்வியைத் தளர்த்து, நகர்த்து, இறுக்கு என்று பத்து நொடியில் முடிவது இந்த ஸ்டாண்டில்தான். மூன்று உயரங்களையும் வீட்டிலேயே கண்டுபிடித்து, கம்பியில் மூன்று நிற டேப் சுற்றிவிட்டால் களத்தில் யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டாண்டுக்கும் குறை உண்டு. நின்று சுடும் உயரத்துக்குக் கம்பியை நீட்டினால் அது ஆடத்தான் செய்யும், முன்பு சொன்ன அதே ஒற்றைக் கம்பக் கணக்கு. அதனால் கம்பி தடிமனாக இருக்கட்டும். துண்டு துண்டாகத் திருகிச் சேர்ப்பது என்றால் இணைப்புகளில் தளர்வு இருக்கக் கூடாது. கால்கள் நீளமாகவும் தட்டையாகவும் விரியட்டும். ஸ்கோப் தொங்கும் பக்கத்துக்கு நேர் கீழே ஒரு கால் வருமாறு திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் கம்பி உயரும்போது முழு ஸ்டாண்டும் அந்தப் பக்கம் சாயும். அதோடு, நின்று பார்க்கும்போது 25 மடங்கைத் தாண்டாதீர்கள். பக்கத்துச் சுடுபவரின் இடத்துக்குள் கால் நீண்டுவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்துச் சுடுவது மட்டும் என்றால் இதுகூட வேண்டாம். முழங்கால் உயரம்கூட இல்லாத குட்டி ட்ரைபாட், தடித்த கால்கள், நடுத்தண்டு கிடையாது, மேலே ஒரு சிறிய ஹெட். அதைவிட உறுதியான தாங்கியை நான் பார்த்ததில்லை. குட்டைதான் அதன் பலம்.

எதை வாங்கினாலும், அதன் காலை நீங்கள் படுக்கும் மேட் விரிப்பின்மேல் வைக்காதீர்கள். மேட் மெத்தென்றது; நீங்கள் மூச்சுவிட்டால் அதுவும் மூச்சுவிடும். தரையில் வையுங்கள். பலகை போட்ட தளம் என்றால் பின்னால் யாராவது நடந்தாலே படம் துள்ளும். அவர் நிற்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மண்தரையில் ரப்பர் பாதத்தைத் திருகி ஏற்றி உள்ளே இருக்கும் கூர்முனையை இறக்குங்கள், இருந்தால். காற்றுக்காகப் பையைத் தொங்கவிடுகிறவர்கள், பையின் அடி தரையை லேசாகத் தொடுமாறு விடுங்கள். அந்தரத்தில் தொங்கும் பை ஊஞ்சலாடி, இல்லாத ஆட்டத்தையும் கொண்டுவரும். பெஞ்சில் வைத்துச் சுடும்போது ரைபிளும் ஸ்கோப்பும் ஒரே பெஞ்சில் இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ஸ்கோப் குறிமாறும். ஸ்கோப்புக்குத் தரையில் தனி இடம் கொடுங்கள்.

உங்கள் நண்பரின் யோசனைக்கு வருகிறேன். ரைபிளையும் ஸ்கோப்பையும் ஒரே ட்ரைபாடில் மாட்டுவது உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் 50 மீட்டர் போட்டிகளில் ரைபிளைத் தாங்கிமேல் வைத்துச் சுட அனுமதியே இல்லை. உடலும் கைவாரும்தான் தாங்கி. பயிற்சியில் அப்படிப் பழகினால் பழகுவது வேறொரு விளையாட்டு. குண்டு வகைகளைச் சோதிக்க ரைபிளை அசையாமல் வைக்க வேண்டும் என்றால், பெஞ்சும் முன்தாங்கியும் பின்னால் ஒரு மணல்பையும் ட்ரைபாடைவிடப் பல மடங்கு மேல். வெளிக்களத்தில் தடைகளுக்கு நடுவே தொலைதூர இலக்குகளைச் சுடும் போட்டிகள் வேறு. அங்கே ரைபிள் ட்ரைபாடுக்கு உண்மையான வேலை இருக்கிறது. அதற்கான ட்ரைபாடும் வேறு சாதிதான்: மேல்குழாய் 32 மி.மீ. அல்லது அதற்கு மேல், நடுத்தண்டு இல்லாத தோள், பெரிய உருண்டை உள்ள பால் ஹெட். ஆம், ஸ்கோப்புக்கு வேண்டாம் என்றேனே, அதே பால் ஹெட் அங்கே ஏற்றது. காரணம், ரைபிளை உங்கள் கைகளும் தோளும் பிடித்திருக்கின்றன, அது தலைகுப்புற விழாது.

அந்தப் பக்கம் எப்போதாவது போனால் இரண்டு விஷயங்கள். ரைபிளின் அடியில் ஆர்கா ரெயில் இருந்தால் அதைக் கவ்வுவது, கட்டையை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கும் சேணவகைக் கவ்வியைவிட உறுதியானது. துணைக்கருவிகளை மாட்டக் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பிக்கட்டினி ரெயில் என்றால் அதன் பள்ளங்கள் 5.23 மி.மீ. அகலம், 10.01 மி.மீ. இடைவெளி. அதைப்போலவே தோன்றும் வீவர் ரெயிலின் பள்ளம் அதைவிடக் குறுகலானது. வீவருக்குச் செய்தது பிக்கட்டினியில் உட்காரும், மாற்றினால் உட்காராது. அடுத்தது, ரைபிளைக் கவ்வியில் வைக்கும்போது ரைபிளின் குண்டு அறை காலியாக இருக்க வேண்டும், முனை இலக்குத் திசையில் இருக்க வேண்டும். கவ்வியை இறுக்கி, ரைபிளைத் தூக்கிப் பார்த்து, ட்ரைபாடும் சேர்ந்து எழும்புகிறது என்று உறுதியான பிறகே கையை எடுக்கலாம். பாதி இறுகிய கவ்வியிலிருந்து ரைபிள் சரிந்ததை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். குண்டு போட்டிருக்கவில்லை என்பதால் கட்டை கீறியதோடு போயிற்று.

ஆக, மணல்மூட்டைச் சோதனையைச் செய்யுங்கள், ஆலன் கீயை எடுங்கள், ஜூமை 25-இல் நிறுத்துங்கள். அதோடு அளவு டேப் ஒன்றை எடுத்து, மூன்று நிலையிலும் ரைபிளைப் பிடித்தபடி தரையிலிருந்து உங்கள் கண் எத்தனை செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த மூன்று எண்களோடு ஒரு கம்பி ஸ்டாண்டைப் பார்க்கப் போங்கள். கவ்வி மிகத் தாழ்ந்த எண்ணுக்கு இறங்குகிறதா என்பதை முதலில் பாருங்கள். உயரே போகிறதா என்பதை விற்பவரே காட்டிவிடுவார். பழைய ட்ரைபாடைக் கொடுத்துவிடாதீர்கள். பால் ஹெட்டை மட்டும் மாற்றினால், நண்பர்கள் சுடும்போது பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து காற்றுக்கொடியும் கானலும் பார்க்க அது நன்றாகவே உதவும்.